144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 138 ஃபிரேம் ஏன்? அடாப்டிவ் சிங்க் திரையை முறையாக அமைக்க ஒரு வழிகாட்டி

விளையாட்டுக்கென்று புது மானிட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்து, கேபிளைச் செருகி, பிடித்த விளையாட்டைத் திறந்து, திரையின் மூலையில் ஓடும் ஃபிரேம் எண்ணை, அதாவது கிராபிக்ஸ் கார்டு ஒரு விநாடியில் வரைந்து தரும் படங்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். 200 என்றால் மகிழ்ச்சி, 90 என்றால் ஏமாற்றம். நண்பர்கள், உறவினர்கள் வீட்டில் கணினி அமைத்துக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். ஒரே தாளத்தில் வரும் 85 ஃபிரேம், 70க்கும் 140க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தைவிடக் கண்ணுக்கும் கைக்கும் நன்றாக இருக்கும். அந்தத் தாளத்தைப் பிடித்து வைக்கும் இரண்டு கயிறுகள்தாம் ரெஃப்ரெஷ் ரேட்டும், இதற்கு மேல் ஃபிரேம் வேண்டாம் என்று கார்டுக்கு நாம் வைக்கும் ஃபிரேம் வரம்பும்.

திரை ஒரு வேகம், கார்டு ஒரு வேகம்

மானிட்டர் ஒரு விநாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறதோ அதுவே ரெஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.67 மில்லி விநாடிக்கும் ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.94 மில்லி விநாடி, 240 என்றால் 4.17. கிராபிக்ஸ் கார்டுக்கு இப்படி நிலையான நேரம் கிடையாது. வெறும் சுவரைப் பார்த்தால் ஒரு ஃபிரேமை 5 மில்லி விநாடியில் முடித்துவிடும். கூட்டமும் புகையும் நிறைந்த தெருவைப் பார்த்தால் அதே கார்டுக்கு 14 ஆகும்.

திரை பாதிப் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது கார்டு அடுத்த ஃபிரேமை நீட்டினால், மேல்பாதி பழைய படமும் கீழ்ப்பாதி புதிய படமுமாக நடுவில் ஒரு வெட்டுக்கோடு விழுகிறது. திரைக் கிழிசல் என்று சொல்வது இதைத்தான். இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். "திரை அடுத்த சுற்றுக்குத் தயாராகும் வரை பொறு" என்று அது கார்டை நிறுத்தி வைக்கும். கிழிசல் போய்விடும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும். கார்டு ஒரு சுற்றை நூலிழையில் தவறவிட்டாலும் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும் என்பதால் திணறலும் வரும்.

அடாப்டிவ் சிங்க் இந்த உறவைத் தலைகீழாக மாற்றியது. கார்டு திரைக்காகக் காத்திருப்பதற்குப் பதிலாக, ஃபிரேம் தயாராகும் வரை திரை காத்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2013 அக்டோபரில் இதன் தன் வடிவமான ஜி-சிங்கை அறிவித்தது. அதற்கு மானிட்டருக்குள் தனிச் சில்லு தேவைப்பட்டது. 2014இல் திரைத் தரங்களை வகுக்கும் வீசா (VESA) அமைப்பு, டிஸ்ப்ளேபோர்ட் என்ற கேபிள் இணைப்பின் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்கைச் சேர்த்தது. அதன்மேல் அமைந்த, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015இல் கடைக்கு வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் தனிச் சில்லு இல்லாத மானிட்டர்களுக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வழியாகக் கதவைத் திறந்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் இதைச் செய்யும். ஆகவே இன்று ஃப்ரீசிங்க் முத்திரை உள்ள மானிட்டரை என்விடியா கார்டுடனும் பயன்படுத்தலாம். கடையில் யாராவது இல்லை என்றால் நம்பிவிடாதீர்கள்.

முதல் வேலை: கேபிள்

ஒரு முறை உறவுக்காரப் பையன் ஒருவனின் கணினியைப் பார்க்கப் போனேன். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், நல்ல கார்டு, வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. "பழைய திரைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை அண்ணா" என்றான். அவன் சொன்னது உண்மைதான், ஏனென்றால் அந்த ஐந்து மாதமும் திரை 60 ஹெர்ட்ஸில்தான் ஓடியிருக்கிறது. கேபிளும் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருந்தது. இது அவன் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டிக்குள் வரும் தாளில் இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எனவே கணினிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளைகள் இருக்கும் பகுதி மதர்போர்டு. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் தனியாக இருக்கும் துளைகள் கிராபிக்ஸ் கார்டினுடையவை. மானிட்டர் கேபிள் அங்கேதான் போக வேண்டும். மதர்போர்டில் செருகினால் கார்டுக்கும் திரைக்கும் நேரடித் தொடர்பு இருக்காது, என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் பகுதியே தென்படாமல் போகலாம்.

எந்தக் கேபிள் என்றால், டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும் இடத்தில் அதையே எடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கூட 1440பி தெளிவில் 165 ஹெர்ட்ஸைத் தாங்கும். 1.4 என்றால் 4கே தெளிவில் 120 வரை சுருக்கமின்றிப் போகும். எச்டிஎம்ஐ 1.4 முழு எச்டியில் பொதுவாக 120இல் நின்றுவிடும், 2.0 என்றால் 1440பியில் 144 கிடைக்கும். ஒரு முக்கியமான சிக்கலும் உண்டு. எச்டிஎம்ஐ 2.1க்கு முந்தைய மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக வரும் ஃப்ரீசிங்க் ஏஎம்டியின் தனி ஏற்பாடு. அப்படிப்பட்ட மானிட்டரை என்விடியா கார்டுடன் எச்டிஎம்ஐயில் இணைத்துவிட்டு, ஜி-சிங்க் வரவில்லையே என்று மாதக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. கேபிளை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம் இது.

விண்டோஸில் ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தல்

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வழியில் போனால் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியல் வரும். புது மானிட்டரை விண்டோஸ் பல நேரம் 60இல்தான் தொடங்கி வைக்கும். பட்டியலில் இருக்கும் மிக உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மானிட்டரின் எண் பட்டியலில் இல்லையென்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். கேபிள் போதவில்லை, அல்லது தெளிவு சொந்த அளவில் இல்லை, அல்லது மானிட்டரின் மெனுவில் ஓவர்கிளாக் (திரையை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்ற தேர்வு அணைந்திருக்கிறது. என்விடியா பேனலில் தெளிவுப் பட்டியல் 'அல்ட்ரா எச்டி, எச்டி, எஸ்டி' என்று ஒரு பிரிவாகவும் 'பிசி' என்று இன்னொரு பிரிவாகவும் இருக்கும். கீழே உருட்டி 'பிசி' பிரிவையும் பாருங்கள், உயர்ந்த ஹெர்ட்ஸ் சில நேரம் அங்கேதான் இருக்கும்.

"என் கார்டு 70 ஃபிரேம்தான் தருகிறது, பிறகு எதற்கு 144 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். இதற்கான பதில் அழகானது. அடாப்டிவ் சிங்க் இயங்கும்போது திரை ஃபிரேமுக்காகக் காத்திருக்கும். ஆனால் ஃபிரேம் வந்த பிறகு அதை மேலிருந்து கீழாக வரைவது எப்போதும் உச்ச வேகத்தில்தான். எல்டன் ரிங் கணினியில் 60 ஃபிரேமுக்குப் பூட்டப்பட்ட விளையாட்டு. அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆடினால் ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் முழுதாக இறங்க 16.67 மில்லி விநாடி ஆகும். 144 ஹெர்ட்ஸில் வைத்து ஆடினால் அதே ஃபிரேம் 7 மில்லி விநாடிக்குள் இறங்கிவிடும், மீதி நேரம் திரை சும்மா காத்திருக்கும். ஃபிரேம் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் கைக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தாமதம் குறைகிறது. ஆகவே கார்டு எவ்வளவு எளியதாக இருந்தாலும் ஹெர்ட்ஸை உச்சத்திலேயே வையுங்கள்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஓவர்கிளாக் செய்த உச்ச வேகத்தில் திரை சில நொடிகள் கறுத்துப்போய்த் திரும்ப வந்தால் ஒரு படி கீழே இறக்குங்கள். உச்ச வேகத்தில் எழுத்தின் ஓரங்களில் நிறம் கசிந்தால், கேபிளின் கொள்ளளவு போதாமல் நிறத் தகவல் சுருக்கப்படுகிறது என்று பொருள், அப்போதும் இறக்கலாம். படம் பார்ப்பதற்கு மட்டும் இன்னொரு கணக்கு. திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம். 144ஐ 24 மீதியின்றி வகுக்கும், 120ஐயும் வகுக்கும். 165ஐ 24, 30, 60 எதுவுமே வகுக்காது. என் மேசையில் விளையாட்டு முடிந்து படம் பார்க்க உட்காரும்போது 120க்கு மாற்றிவிடுவேன். 24, 30, 60 மூன்றுக்கும் அது சமமாகப் பொருந்தும், கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் அதன் பலன் தெரியும்.

அடாப்டிவ் சிங்கை இயக்குதல்

இதற்கு இரண்டு இடங்களில் சாவி போட வேண்டும். முதலாவது மானிட்டருக்குள் இருக்கிறது. மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் வரும் மெனுவில் ஃப்ரீசிங்க், அடாப்டிவ் சிங்க், விஆர்ஆர் என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும். இது அணைந்திருந்தால் கணினியில் என்ன செய்தாலும் பயனில்லை. மங்கலைக் குறைக்கும் ஒளித்துடிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணையுங்கள். சில மாடல்களைத் தவிர மற்றவற்றில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது.

இரண்டாவது சாவி டிரைவரில். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'செட் அப் ஜி-சிங்க்' பக்கத்துக்குப் போய் அதை இயக்குங்கள். முழுத்திரைக்கு மட்டுமா, சாளரத்தில் ஓடும் விளையாட்டுக்கும் சேர்த்தா என்று கேட்கும். முழுத்திரைக்கு மட்டும் என்பதையே புதியவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது. அடுத்து 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' பக்கத்தில் 'வெர்ட்டிக்கல் சிங்க்' என்பதை 'ஆன்' ஆக்குங்கள். விளையாட்டுக்குள் இருக்கும் வி-சிங்கை அணைத்துவிடுங்கள். ஏஎம்டி கார்டு என்றால் ஏஎம்டி சாஃப்ட்வேரில் 'டிஸ்ப்ளே' பகுதியில் ஃப்ரீசிங்கை இயக்குங்கள். அங்கே டிரைவரின் வி-சிங்க் எல்லா விளையாட்டிலும் பிடிப்பதில்லை, எனவே விளையாட்டுக்குள் இருக்கும் வி-சிங்கைப் போடுவதே நம்பகமானது.

வி-சிங்க் தாமதம் தரும் என்று மேலே எழுதிவிட்டு இப்போது அதையே போடச் சொல்கிறேனே என்று நீங்கள் கேட்பது நியாயம். அடாப்டிவ் சிங்க் இயங்கும்போது வி-சிங்கின் வேலை மாறிவிடுகிறது. ஃபிரேம்கள் மானிட்டரின் எல்லைக்குள் வரும்வரை அது கார்டைத் தடுப்பதில்லை. எப்போதாவது ஒரு ஃபிரேம் அவசரப்பட்டு முன்கூட்டியே வந்தால், முந்தைய படம் முழுதாக வரைந்து முடியும் வரை அதை ஒரு கணம் பிடித்து வைக்கிறது. வி-சிங்கை அணைத்துவிட்டால் அந்த ஒரு ஃபிரேம் திரையின் கீழ்ப்பகுதியில் கிழிசலாகத் தெரியும். பழைய வி-சிங்கின் தாமதம் எப்போது திரும்பி வரும் என்றால், கார்டு திரையின் உச்ச வேகத்தை எட்டி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான். அந்த முட்டலைத் தடுப்பதற்கே ஃபிரேம் வரம்பு.

வரம்பை எந்த எண்ணில் வைப்பது?

கட்டுரையின் மையம் இதுதான். உங்கள் கார்டு குறிப்பிட்ட விளையாட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். முதலில் வரம்பு இல்லாமல் ஒரு பதினைந்து நிமிடம் ஆடுங்கள். ஸ்டீமின் ஃபிரேம் எண்ணியையோ, டிரைவருடன் வரும் அளவுகாட்டியையோ திறந்து வைத்துக்கொண்டு மிகக் குறைந்த எண்ணையும், அதிக நேரம் நிலைத்து நிற்கும் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்டு எளிதாக உச்சத்தைத் தொடுகிறது என்றால், வரம்பை மானிட்டர் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். "மூன்று குறைத்து வை" என்பது பலரும் சொல்லும் அறிவுரை. 144க்கு 141. மோசமான அறிவுரை அல்ல, ஆனால் எல்லாத் திரைக்கும் பொருந்தாது. எண்ணை விட்டு நேரத்தைப் பார்த்தால் காரணம் புரியும். 144இல் ஒரு சுற்று 6.94 மில்லி விநாடி, 141இல் 7.09. இடையில் கிடைக்கும் இடைவெளி 0.15 மில்லி விநாடி. 240 ஹெர்ட்ஸ் திரையில் 237 வைத்தால் அந்த இடைவெளி 0.05 மட்டுமே. வரம்பைச் செயல்படுத்தும் எந்த வரம்பியும் ஒவ்வொரு ஃபிரேமையும் அச்சுப்போல ஒரே நேரத்தில் விடுவதில்லை. சில ஃபிரேம்கள் இம்மியளவு முந்தும், சில பிந்தும். அந்த முந்தலைத் தாங்கும் இடைவெளி வேண்டும் என்றால், வேகம் கூடக்கூடக் குறைக்கும் எண்ணும் கூட வேண்டும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மானிட்டரின் ஹெர்ட்ஸை அதே எண்ணால் பெருக்கி 3600ஆல் வகுங்கள். வரும் விடையை ஹெர்ட்ஸிலிருந்து கழியுங்கள். 144ஐ 144ஆல் பெருக்கினால் 20736, அதை 3600ஆல் வகுத்தால் 5.76, கழித்தால் 138. இதே வழியில் 75க்கு 73, 100க்கு 97, 120க்கு 116, 165க்கு 157, 180க்கு 171, 240க்கு 224. எந்தத் திரையை எடுத்தாலும் இடைவெளி ஏறக்குறைய 0.3 மில்லி விநாடி என்று வரும்படி அமைந்த கணக்கு இது. தாமதத்தைக் குறைக்கும் என்விடியா ரிஃப்ளெக்ஸ் வசதி உள்ள விளையாட்டில் ஜி-சிங்கும் வி-சிங்கும் இயங்கினால், டிரைவர் தானாகவே இந்த அளவுக்கு வரம்பை இறக்கிக்கொள்கிறது. திரையில் 138 என்று பார்த்துவிட்டு ஆறு ஃபிரேம் எங்கே போனது என்று தவிக்கும் பலருக்கு விடை இதுதான். ரிஃப்ளெக்ஸ் இருக்கும் இடத்தில் நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை.

கார்டு உச்சத்தைத் தொடவில்லை என்றால்? பெரும்பாலான வீடுகளில் நிலைமை இதுதான். புதிய பெரிய விளையாட்டு ஒன்று வீட்டுக்குள் 130, நகரத் தெருவில் 75 என்று ஓடுகிறது என வைத்துக்கொள்வோம். இங்கே 138 வரம்பு எந்த வேலையும் செய்யாது. கதவைத் திறந்து தெருவுக்கு வரும்போது ஒரு ஃபிரேமின் நேரம் 7.7 மில்லி விநாடியிலிருந்து 13.3க்குத் தாவுகிறது. அடாப்டிவ் சிங்க் கிழிசலைத் தடுக்கும், ஆனால் இந்தத் தாவலை மறைக்காது. வரம்பை 85இல் வைத்துப் பாருங்கள். இப்போது நேரம் 11.8க்கும் 13.3க்கும் இடையில் மட்டுமே அசையும். வீட்டுக்குள் 45 ஃபிரேமை இழந்தோமே என்று முதல் நாள் தோன்றும். ஒரு வாரம் ஆடிவிட்டு வரம்பை எடுத்துப் பாருங்கள், அப்போது இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று உங்கள் கண்ணே சொல்லும்.

இதில் இன்னொரு ஆதாயமும் ஒளிந்திருக்கிறது. கார்டு 99 விழுக்காடு உழைத்துக்கொண்டிருக்கும்போது, பிராசஸர் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கான வேலையை முன்கூட்டியே தயாரித்து வரிசையில் நிறுத்திவிடும். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு ஃபிரேமும் உங்கள் மவுஸின் பழைய அசைவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வரம்பு வைத்துக் கார்டின் உழைப்பை 90, 95 விழுக்காட்டில் நிறுத்தினால் வரிசை கரைந்துவிடும். ஃபிரேம் எண் குறைந்தும் துப்பாக்கி முனை கையோடு ஒட்டிவருவதுபோல் தோன்றுவது இதனால்தான். வெப்பமும் குறைகிறது. சித்திரை மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் விசிறி இரைச்சலோடு ஆடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் பழக்கம் இது: குறித்து வைத்த மிகக் குறைந்த எண்ணுக்குப் பத்து விழுக்காடு மேலே வரம்பைத் தொடங்குவேன். இரண்டு மூன்று நாள் ஆடிப் பார்த்து ஐந்து ஐந்தாக ஏற்றியோ இறக்கியோ பார்ப்பேன். வி-சிங்க் மட்டும் இருந்த காலத்தில் வரம்பு ஹெர்ட்ஸை மீதியின்றி வகுக்க வேண்டும் என்பார்கள், 144க்கு 72 அல்லது 48 என்று. அடாப்டிவ் சிங்கில் அந்தக் கட்டாயம் இல்லை. 83 வைத்தாலும் 91 வைத்தாலும் திரை பின்னாலேயே வரும்.

கீழ் எல்லையில் கவனம்

மானிட்டரின் விவரத் தாளில் 48–144 என்பதுபோல் ஒரு வீச்சு இருக்கும். மேல் எண்ணைப் பார்க்கும் நாம் கீழ் எண்ணைப் பார்ப்பதில்லை. ஃபிரேம் 48க்குக் கீழே போனால் திரையால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அப்போது டிரைவர் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டி ஈடுகட்டும். 40 ஃபிரேம் வந்தால் திரை 80 ஹெர்ட்ஸில் ஓடும். இந்த ஈடுகட்டல் நடக்க உச்ச வேகம் கீழ் எல்லையின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48–144 திரைக்கு அது மூன்று மடங்கு, கவலை இல்லை.

விலை குறைந்த 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில்தான் சிக்கல். 48–75 வீச்சில் இரட்டிப்புக்கு இடமே இல்லை. 47இல் விழுந்தவுடன் கிழிசலும் திணறலும் பழையபடி திரும்பிவிடும். அந்தத் திரை வைத்திருப்பவர்கள் வரம்பைவிட விளையாட்டின் கிராபிக்ஸ் அமைப்பில்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும். நிழல், பிரதிபலிப்பு, கூட்டத்தின் அடர்த்தி ஆகியவற்றை ஒரு படி இறக்கி, மோசமான இடத்திலும் 55க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு 73.

விஏ வகைத் திரைகளிலும் ஓலெட் திரைகளிலும் இன்னொரு தொல்லை உண்டு. ரெஃப்ரெஷ் ரேட் சட்டென்று மாறும்போது இருண்ட காட்சிகளின் வெளிச்சம் படபடக்கும். ஃபிரேம் 46க்கும் 50க்கும் இடையே ஊசலாடினால் திரை 92க்கும் 50க்கும் தாவிக்கொண்டே இருப்பதால் இது மிக மோசமாகத் தெரியும். மானிட்டர் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பும் முன் வரம்பை மாற்றிப் பாருங்கள். ஒன்று, கிராபிக்ஸைக் குறைத்து 60க்கு மேலே தூக்குங்கள். முடியாவிட்டால் வரம்பை 40இல் வையுங்கள். திரை நிலையாக 80இல் நின்றுவிடும், படபடப்பு அடங்கும். 40 ஃபிரேமைக் குறைவாக எண்ண வேண்டாம். 30க்கு 33.3 மில்லி விநாடி, 60க்கு 16.7, 40க்கு 25. நேரக் கணக்கில் அது இரண்டுக்கும் சரி நடுவில் நிற்கிறது. நிதானமான கதை விளையாட்டுகளுக்கு அது போதும்.

மானிட்டர் மெனுவில் உள்ள, புள்ளிகளின் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். உச்ச வேகத்துக்கு ஏற்ற கடும் நிலையில் வைத்துவிட்டு 60 ஃபிரேமில் ஆடினால், நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஓடும். நடுத்தர நிலை பெரும்பாலும் எல்லா வேகத்துக்கும் பொருந்தும்.

வரம்பை எங்கே வைப்பது?

ஒரே ஒரு இடத்தில் மட்டும். இரண்டு மூன்று வரம்பிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் தாளம் கெட்டுவிடும். விளையாட்டுக்குள்ளேயே ஃபிரேம் வரம்பு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். மவுஸ் அசைவைப் படிப்பதற்கு முன்பே அது நிதானப்படுத்துவதால் தாமதம் மிகக் குறைவு. சில விளையாட்டுகளின் உள்வரம்பு மேடுபள்ளமாக இருக்கும், அல்லது 30, 60, 120 என்று மட்டுமே எண்கள் இருக்கும். அப்போது டிரைவருக்கு வாருங்கள். என்விடியா பேனலில் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' என்ற தேர்வு 2020 ஜனவரி முதல் இருக்கிறது. அதை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக அமைக்கலாம். ஏஎம்டியில் 'ஃபிரேம் ரேட் டார்கெட் கண்ட்ரோல்' அல்லது 'ரேடியான் சில்' அதே வேலையைச் செய்யும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னருடன் வரும் ரிவாட்யூனர் என்ற தனி மென்பொருள் மூன்றாவது வழி. தாமதத்தில் சற்றுக் கூடுதல், ஆனால் சீரில் அதை மிஞ்சுவது கடினம். கேம்பேட் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நான் இதையே நாடுகிறேன்.

மெனுத் திரைகளுக்கும் வரம்பு தேவை. விளையாட்டின் மெனுவில் வரைய ஒன்றுமே இருக்காது, எனவே கார்டு நூற்றுக்கணக்கில் ஃபிரேம்களைக் கொட்டும். 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் விளையாட்டின் முன்னோட்டத்தின்போது சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் பழுதாகின. பழுதான கார்டுகளில் பற்றவைப்புக் குறை இருந்ததாக உற்பத்தியாளர் பின்னர் தெரிவித்தார். என்றாலும், விளையாட்டை உருவாக்கியவர்கள் மெனுவில் ஃபிரேம் வரம்பைச் சேர்த்தார்கள். நல்ல கார்டுக்கு இதனால் ஆபத்து இல்லை, ஆனால் வீணாக மின்சாரம் எரிக்க என்ன தேவை?

போட்டிக்கு ஆடுபவர்கள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் போன்றவற்றைத் தரவரிசைக்காக ஆடுபவர்கள் பலர் எல்லா சிங்கையும் அணைத்து, வரம்பும் இல்லாமல் ஆடுகிறார்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் 300 ஃபிரேம் ஓடினால் சில மில்லி விநாடி ஆதாயம் உண்மையாகவே கிடைக்கும். கிழிசல் இருக்கும், ஆனால் அந்த வேகத்தில் வெட்டுகள் சிறியவையாக இருப்பதால் அவ்வளவாக உறுத்தாது. அந்த ஆதாயம் கைத்திறன் உச்சத்தை எட்டியவருக்கு. புதிதாக வந்தவருக்கு ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்த அமைப்பே போதும் என்பது என் உறுதியான எண்ணம். சீரான படம் குறி பார்ப்பதைக் கற்றுக்கொள்ள உதவும். உங்கள் கார்டு 150, 160 ஃபிரேம்தான் தருகிறது என்றால் வரம்பின்றி ஆடுவதில் கிடைப்பது மிகக் குறைவு.

வேலை செய்கிறதா என்று பார்த்தல்

மானிட்டரின் சொந்த மெனுவில் ஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். விளையாட்டில் ஃபிரேம் எண் 92, 97, 88 என்று மாறும்போது மானிட்டரின் எண்ணும் கூடவே மாறினால் எல்லாம் சரி. அது 144இலேயே அசையாமல் நின்றால் அடாப்டிவ் சிங்க் பிடிக்கவில்லை. விளையாட்டு முழுத்திரையில் இல்லையா, மானிட்டர் மெனுவில் சாவி அணைந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் தேடுங்கள். என்விடியா பேனலின் மேல்பட்டையில் 'டிஸ்ப்ளே' என்பதைச் சொடுக்கினால் ஜி-சிங்க் காட்டியையும் இயக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் புதிய இடத்துக்குள் நுழையும்போது விளையாட்டு ஒரு கணம் உறைகிறதா? அது பெரும்பாலும் ஷேடர்களை (காட்சியை வரையக் கார்டு பயன்படுத்தும் சிறு நிரல்கள்) தயாரிக்கும் வேலையாலோ வட்டிலிருந்து தகவல் வரத் தாமதமாவதாலோ நிகழ்வது. எந்த சிங்கும் எந்த வரம்பும் அதைக் குணப்படுத்தாது, அதற்காகச் செய்த அமைப்பைக் கலைத்துவிடாதீர்கள்.

டிரைவரைப் புதிதாக நிறுவிய பிறகும், விண்டோஸ் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகும், கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகும் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹெர்ட்ஸ் மீண்டும் 60க்கு வந்திருக்கக்கூடும். அப்படியே கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க், வி-சிங்க், ஃபிரேம் வரம்பு மூன்றும் நீங்கள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்றும் சரிபார்த்துவிடுங்கள்.